தனியறைச் சேவைகள் தொடங்காமை

ஒரு கணினியை மற்றொரு கணினியோடு இணைத்து, ஒன்று கேட்க மற்றொன்று விடையளிக்குமாறு அமைப்பதை வலையமைப்பு என்கிறோம். விடையளிக்கும் பொறுப்பை ஏற்ற கணினி சேவையகம் எனப்படும். அதனுள் ஓயாது விழித்திருந்து, கேட்போருக்குக் கேட்டதை வழங்கும் செய்நிரல் சேவை எனப்படும். பக்கங்களை வழங்கும் சேவை, பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை, தொலைவிலிருந்து நுழைய இடந்தரும் சேவை, தரவுகளைச் சேமித்துத் தரும் சேவை எனப் பல உள. இவை நன்கு இயங்குங்கால் இவற்றின் இருப்பே எவர்க்கும் தோன்றுவதில்லை. இயங்க மறுக்கும்போதே ஆசிரியரும் மாணவரும் இவற்றின் பெயரை அறிகின்றனர். அவ்வாறு இயங்க மறுக்கும் சேவைகளுள்ளும், தனியறையில் அடைக்கப்பட்டவை மறுக்குங்கால் காரணம் காண்டல் மிகவும் அரிது. அவ்வருமையின் தன்மையையும் அதனைக் கடக்கும் வழியையும் ஈண்டு ஆராய்வாம்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், எரிபொருட் பஞ்சத்தால் நம் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திரார். கல்முனைக் கரையோரத்துப் பாடசாலையொன்றின் கணினி ஆய்வுகூடத்தில், வெளியிணைய இணைப்பு இல்லாத பழைய கணினி ஒன்றைச் சேவையகமாக வைத்து, தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடக் குறிப்புகளையும் பயிற்சி வினாக்களையும் அதில் ஏற்றியிருந்தோம். முந்திய ஆண்டில் நடைபெற்றிருக்க வேண்டிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை பிற்போடப்பட்டு, மே மாதம் 23ஆம் திகதி தொடங்கவிருந்த காலம் அது. வீட்டிற் கணினி இல்லாத பிள்ளைகளுக்கு அவ்வாய்வுகூடமே கதி. மின் போய் வந்த ஒரு நாட் காலையிற் கணினி எழுந்தது. பக்கச் சேவை எழவில்லை. அதன் பதிவேட்டிற் காணப்பட்ட ஒரே வரி, தான் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதாகக் கூறியது. இயங்காத ஒன்று, தான் இயங்குவதாகச் சொல்லித் தொடங்க மறுத்தது! அப்புதிரை அவிழ்க்க எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் சென்றன. விடையைக் கூறுமுன், தனியறை என்பது யாது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

ஒரே கணினியிற் பல சேவைகள் குடியிருத்தல் இயல்பு. அவற்றுள் ஒன்றைத் தீயோன் ஒருவன் கைப்பற்றுவானாயின், அதன் வழியே ஏனையவற்றையும் கைப்பற்றல் எளிது. எம் ஆய்வுகூடத்துக் கணினியிலேயே, மாணவர் எவரும் திறந்து பார்க்கும் பாடப் பக்கங்களும், அவர்கள் பார்த்தலாகாத புள்ளிப் பதிவுகளும் அருகருகே இருந்தன. ஆதலின் ஒவ்வொரு சேவையையும் தனித்தனி அறையில் அடைத்து, அறைக்கு வெளியேயுள்ள எதனையும் அது காணவும் தீண்டவும் இயலாதவாறு செய்யும் முறை எழுந்தது. அதன் முதல் வித்து 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற ஒரு சிறு வசதியாகும். அதனை வேர்மாற்றல் எனலாம். யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளிற் கோப்புகள் யாவும் வேர் எனப்படும் ஒரே தொடக்கத்திலிருந்து கிளைக்கின்றன. அவ்வேரை மாற்றி, உள்ளே கிடக்கும் கோப்புறை ஒன்றையே வேர் என ஒரு செய்நிரல் நம்புமாறு செய்துவிட்டால், அதற்கு அக்கோப்புறைக்கு அப்பால் உலகம் இல்லை. கிணற்றுத் தவளைக்குக் கிணறே உலகமாவது போல என்க.

1991இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லியம் செஸ்விக் என்பார், அத்துமீறி நுழைய முயன்ற ஒருவரை இத்தகைய அறையொன்றினுட் புகவிட்டு, அவர் செய்வனவற்றை வெளியே இருந்து கவனித்தார். அவ்வறைக்கு அவர் இட்ட பெயர் சிறை என்பதே. 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த பிரீ-பி.எஸ்.டி. நான்காம் பதிப்பில், போல் ஹென்னிங் கம்ப் என்னும் தென்மார்க்கு நாட்டவர் இக்கருத்தை விரித்து, கோப்புகளோடு வலையமைப்பு முகவரியையும் செயல்முறைகளையும் சேர்த்து அடைக்கும் சிறையை முறைமையின் உறுப்பாகவே அமைத்தார். லினக்ஸ் முறைமையிற் பெயர்வெளிகள் என்னும் பெயரால் இவ்வசதிகள் 2002 முதல் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. 2013இல் டொக்கர் வெளிவந்த பின்னர், கொள்கலன் என்னும் பெயரோடு இம்முறை உலகெங்கும் பரவியது. வேர்மாற்றல், சிறை, கொள்கலன் ஆகிய மூன்றுக்கும் நுணுக்க வேறுபாடுகள் பல உளவாயினும், நம் ஆராய்ச்சிக்கு அவற்றின் பொதுத்தன்மையே போதும். அறையினுள் இருப்பது அறையினுள் உள்ளதை மட்டுமே காணும்.

பிழை திருத்துவோர் இடறும் இடமும் இதுவே. நாம் நிற்பது அறைக்கு வெளியே. சேவை நிற்பது உள்ளே. நாம் கோப்பு இருக்கிறதா எனப் பார்க்கிறோம், இருக்கிறது. உரிமை உண்டா எனப் பார்க்கிறோம், உண்டு. வலையமைப்பு இணைந்துள்ளதா எனப் பார்க்கிறோம், இணைந்துள்ளது. எல்லாம் இருந்தும் சேவை தொடங்கவில்லை எனக் கண்டு, செய்நிரலிலேதான் குறை உண்டென்று முடிவு கட்டி, அதனை அழித்து மீண்டும் நிறுவுகிறோம். மீண்டும் அதே கதை. நாம் கண்டவை யாவும் நம் கண்ணுக்கு உள்ளவையேயன்றிச் சேவையின் கண்ணுக்கு உள்ளவையல்ல. ஆதலின் முதல் வேலை, அவ்வறையினுட் சென்று நிற்றல். வேர்மாற்றிய அறையாயின் அதே வேர்மாற்றலைத் தாமும் செய்து உள்ளே ஒரு கட்டளைக் கூட்டைத் திறக்கலாம். கொள்கலனாயின் அதனுட் கட்டளை ஒன்றை ஏவ வழியுண்டு. உள்ளே நின்று, அச்சேவைக்குரிய பயனராகவே மாறி, அதே கோப்பைத் திறந்து பார்த்தால், பாதிப் பிழைகள் அவ்விடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

மருதமுனைக் கைத்தறியாளர் ஒருவரைத் தறியோடு ஓர் அறையில் விட்டு, கதவைப் பூட்டிவிட்டு, மாலையில் வந்து சாரம் நெய்தாயிற்றா எனக் கேட்டால் எவ்வாறிருக்கும்? தறி உண்டு, கையும் உண்டு, நூல் இல்லை. சேவைகளுக்கு நூலாக அமைவன பொது நூலகக் கோப்புகள். ஒரு செய்நிரல் தன் வேலை முழுவதையும் தானே செய்வதில்லை. பல செய்நிரல்களுக்கும் பொதுவான கோப்புகளைத் தொடங்கும் வேளையில் அழைத்துக்கொள்கிறது. அறையினுட் செய்நிரலை மட்டும் வைத்து இவற்றை வையாது விடின் அது தொடங்காது. எவ்வெவற்றை ஒரு செய்நிரல் அழைக்கிறது என்பதைக் காட்ட எல்-டி-டி என்னும் கட்டளை உண்டு.

இதிற் பலரை மயக்கும் ஒன்றைச் சற்று விரித்துக் கூறுதல் நன்று. செய்நிரற் கோப்பு கண்ணெதிரே இருக்கும். பட்டியலிட்டால் அதன் பெயரும் அளவும் தோன்றும். இயக்கினாலோ, அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை என்னும் விடை வரும். இல்லாத பொருள் அச்செய்நிரலன்று. அதனை நினைவகத்தில் ஏற்றிவிடும் ஏற்றி என்னும் மற்றொரு கோப்பு. ஒவ்வொரு செய்நிரலின் உள்ளேயும் தன்னை ஏற்றவேண்டியது இன்னது என்று எழுதப்பட்டிருக்கும். கருனி அதனைத் தேடிக் காணாது, இல்லை என்று மட்டும் சொல்கிறது. எது இல்லை என்று சொல்வதில்லை. ஒருவகை லினக்சுக்கெனத் தொகுத்த செய்நிரலை, அல்பைன் போன்று வேறு அடிப்படை நூலகம் கொண்ட சிறு லினக்சுக் கொள்கலனில் இடும்போதும் இதே விடை வரும். இன்னும் ஒன்று: தொடக்கக் கட்டளைத் தொகுப்பை விண்டோசுக் கணினியில் எழுதிக் கொண்டுவந்து இட்டால், வரியிறுதியிற் கண்ணுக்குப் புலப்படாத ஓர் எழுத்துக்குறி ஒட்டிக்கொண்டு, முதல் வரியில் உள்ள கட்டளைக் கூட்டின் பெயரையே மாற்றிவிடும். அப்போதும் விடை அதுவே. மாணவர் எழுதும் தொகுப்புகளில் இப்பிழையை யான் கண்டது எண்ணிறந்த முறை.

எல்-டி-டி காட்டும் பட்டியலும் முழுமையானதன்று. பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் அறியும் வேலைக்குரிய நூலகங்கள் சில, தொடக்கத்திலன்றித் தேவைப்படும் வேளையிலேயே அழைக்கப்படுவன. பழைய லினக்சு முறைமைகளில் இவை தனிக் கோப்புகளாக இருந்தமையால், பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் படியெடுத்து வைத்தவரும், அத்தகைய பயனர் இல்லை என்னும் விடையைக் கண்டு திகைத்தனர். பயனர்ப் பெயர்க் கோப்பு, கணினிப் பெயர்க் கோப்பு, பெயர்ச் சேவையகத்தின் முகவரியைக் கூறும் கோப்பு ஆகிய மூன்றும் அறையினுள்ளும் இருத்தல் வேண்டும். பொறியமைப்புகளைக் குறிக்கும் சிறப்புக் கோப்புகள் சிலவும் வேண்டும். எதை இட்டாலும் விழுங்கும் வெறுமைக் கோப்பும், மறையீட்டுக்குரிய எழுமாற்று எண்களை வழங்கும் கோப்பும் இல்லாமையாற் பெயர்ச் சேவைகள் நின்றதுண்டு.

இவ்வளவும் கூறியபோது, சேவை தன் குறையைப் பதிவேட்டில் எழுதாதா என மாணவர் வினவக்கூடும். எழுத முயலும். ஆயின் பதிவேட்டுச் சேவை வெளியே இருக்கிறது. அதற்குச் செய்தி விடுக்கும் வாயிலும் வெளியே இருக்கிறது. அறையினுள் இருப்பது கூவுவது அறைச் சுவரில் மோதி அடங்கிவிடுகிறது. எனவே, பதிவேட்டில் ஒன்றுமில்லை என்பதை ஒன்றும் நேரவில்லை என்று கொள்ளலாகாது. இதற்குப் பரிகாரம் எளிது. சேவையைப் பின்னணிக்கு அனுப்பாது முன்னணியிலேயே, நம் திரையிலேயே பேசுமாறு இயக்குதல். பெரும்பாலான சேவைகளுக்கு இவ்வசதி உண்டு. பெயர்ச் சேவைகளுள் முதுபெரும் பைண்டு, 'ஜி' என்னும் குறியோடு ஏவினால் தன் செய்தி யாவற்றையும் திரையிலே தரும். 'டி' என்னும் குறியால் அதற்கு வேர்மாற்றம் கற்பித்தால், அது வேரை மாற்றிக்கொண்ட பின்னரே அமைவுக் கோப்பைப் படிக்கும்; ஆகவே அமைவுக் கோப்பு அறையினுள்ளே இருத்தல் வேண்டும். வெளியே இருப்பதைத் திருத்தித் திருத்திப் பார்த்துப் பயன் காணாது சலித்தோர் பலர்.

தொலைநுழைவுச் சேவையாகிய ஓப்பன்-எஸ்.எஸ்.எச். மற்றொரு பாடம் புகட்டுகிறது. கொள்கலன் ஒன்றில் அதனை நிறுவித் தொடங்கினால், சிறப்புரிமைப் பிரிப்புக்குரிய கோப்புறை இல்லை என்று கூறி நின்றுவிடும். வழக்கமான கணினியில் அக்கோப்புறையை ஒவ்வொரு தொடக்கத்திலும் முறைமை மேலாளரே உண்டாக்கித் தருகிறார். கொள்கலனில் அம்மேலாளர் இல்லை. ஆதலாற் கோப்புறையும் இல்லை. அதனை உண்டாக்கிக் கொடுத்தாலும், அடையாளத் திறவுகோல்கள் இல்லாவிடின் அவை இல்லை என்று நிற்கும். அவற்றையும் ஆக்கிக் கொடுத்தாலே தொடங்கும். ஒரு சேவை தானாகவே செய்வதாக நாம் எண்ணியிருந்தவற்றுள் எத்தனை, பிறர் அதற்காகச் செய்து வைத்தவை என்பது அறையில் இட்ட பின்னரே தெரிகிறது.

இனி எம் ஆய்வுகூடத்துப் புதிருக்கு வருவாம். ஒவ்வொரு செயல்முறைக்கும் கருனி ஓர் எண் வழங்குகிறது. அப்பாச்சி முதலிய சேவைகள் தொடங்கியதும் தம் எண்ணை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கின்றன. நிறுத்தப்படும்போது அதனை அழிக்கின்றன. மீண்டும் தொடங்கும்போது அக்கோப்பு இருந்தால், அதிலுள்ள எண்ணுக்குரிய செயல்முறை உயிரோடு உண்டா எனப் பார்த்து, உண்டாயின் இருவர் ஒரே வேலையைச் செய்தலாகாதென விலகிக்கொள்கின்றன. மின் திடீரெனப் போனபோது எம் பக்கச் சேவைக்கு அக்கோப்பை அழிக்க நேரமில்லை. சாதாரணக் கணினியாயின் பெரும்பாலும் தீங்கில்லை. எண்கள் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் அதே எண் மீண்டும் வாய்த்தல் அரிது. கொள்கலனிலோ எண்கள் 1இலிருந்து தொடங்குகின்றன. உள்ளே இருப்பனவும் ஒரு சில செயல்முறைகளே. ஆகவே பழைய கோப்பில் இருந்த சிறிய எண், புதிதாய்த் தொடங்கிய ஏதோவொன்றுக்கு, சில வேளை அச்சேவைக்கே, உரியதாகிவிடுகிறது. தன் நிழலைக் கண்டு தானே விலகி நின்ற கதை! அறையினுட் சென்று செயல்முறைப் பட்டியலைப் பார்த்த பின்னரே இஃது எனக்கு விளங்கிற்று. வெளியே இருந்து பார்த்தபோது எண்கள் யாவும் வேறாகத் தோன்றின. தொடங்குமுன் அக்கோப்பை நீக்குமாறு தொடக்கத் தொகுப்பில் ஒரு வரி சேர்த்தேன், பிழை ஒழிந்தது. அப்பாச்சிக்கென வெளியிடப்படும் பொதுக் கொள்கலனிலும் இதே வரி முன்னமே இருக்கிறது என்பதைப் பின்னர்க் கண்டு நாணினேன்.

எண் 1க்கு மற்றொரு தனிச்சிறப்பும் உண்டு. கொள்கலனில் முதலிற் தொடங்கும் செயல்முறையே அதன் உயிர். அது முடிந்தாற் கொள்கலனும் முடியும். பழைய வழக்கப்படி பல சேவைகள் தொடங்கியவுடன் தம்மைப் பின்னணியில் இரட்டித்துக்கொண்டு, முதற் செயல்முறையை முடித்துவிடுகின்றன. கொள்கலனில் அவ்வாறு செய்தால், சேவை எவ்விதப் பிழைச்செய்தியுமின்றித் தொடங்கி அக்கணமே மறையும். பிழையேயில்லாத இத்தோல்வியே மாணவரைப் பெரிதும் குழப்புவது. சேவையை முன்னணியில் நிற்கச் செய்தலே இதற்கும் பரிகாரம்.

வலையமைப்பு வாயில்களைப் பற்றியும் சில கூறவேண்டும். ஒரு முகவரியில் 65,535 வரை துறைகள் உள. சேவை ஒன்று இன்ன முகவரியில் இன்ன துறையிற் கேட்பேன் என்று பற்றிக்கொள்கிறது. 1024க்குக் கீழ்ப்பட்ட துறைகளை லினக்சில் வழக்கமாக மேற்பயனரோ, அதற்கெனத் தனியுரிமை பெற்றவரோ மட்டுமே பற்றலாம். பெயர்ச் சேவைக்குரிய 53ஆம் துறையை உபுண்டு முதலிய முறைமைகளில் முறைமையின் சொந்தப் பெயர்தேடி 127.0.0.53 என்னும் முகவரியிற் பிடித்து வைத்திருக்கும். கொள்கலனிலுள்ள பெயர்ச் சேவைக்காக எல்லா முகவரிகளிலும் 53ஆம் துறையைத் திறக்க முயன்றால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்னும் விடை வரும். உள்ளே நின்று தேடினால் அத்துறையைப் பிடித்தவர் எவரும் இல்லை. இவ்விடத்தில் மட்டும் உள்ளே நின்று பார்த்தல் போதாது. வாயிற் கதவின் இருபுறமும் பார்த்தல் வேண்டும். பிரீ-பி.எஸ்.டி. சிறைகளிலும் இத்தகைய குழப்பம் உண்டு. வெளியேயுள்ள சேவை எல்லா முகவரிகளையும் தனதென்று பற்றினால், சிறைக்கெனக் கொடுத்த முகவரிக்கு வரும் கேள்விகளுக்கும் அதுவே விடையிறுத்தல் கூடும். ஆதலால் வெளிச் சேவைகளை அவற்றுக்குரிய முகவரிக்கு மட்டும் வரையறுத்தல் மரபு. மறுதலையாக, கொள்கலனிலுள்ள சேவை 127.0.0.1 என்னும் தன்முகவரியில் மட்டும் கேட்குமாயின், அது தொடங்கியிருக்கும், பிழை ஒன்றும் கூறாது. ஆயினும் வெளியிலிருந்து எவரும் அதனை அடைய முடியாது. ஒவ்வோர் அறைக்கும் தன்முகவரி தனித்தனி என்பது மறக்கப்படுவதே இதன் காரணம்.

ஒழுங்கு பற்றிய பிழைகள் வேறொரு வகையின. குளத்து மதகு திறவாமுன் வயல் வாய்க்காலை வெட்டிவிட்டு நீர் வரவில்லை எனக் கவலைப்படுவாரை எம் வட்டைகளிற் காணல் அரிது. எந்நாளில் எவ்வாய்க்காலுக்கு நீர் வரும் என்பதை வட்டவிதானை அறிவித்திருப்பார். கணினியில் அவ்வறிவிப்பை நாமே எழுதவேண்டும். 2010இல் தோன்றி இன்று பெரும்பாலான லினக்சு முறைமைகளில் மேலாளராக விளங்கும் சிஸ்டம்-டி, வலையமைப்பு ஏற்பாடு தொடங்கியது என்பதையும், வலையமைப்பு உண்மையிலேயே இணைந்தது என்பதையும் இரு வேறு நிலைகளாகக் கொள்கிறது. குறித்ததொரு முகவரியிற் கேட்கவேண்டிய சேவை முதல் நிலையின் பின்னரே தொடங்கினால், அம்முகவரி இன்னும் பிறவாமையால் விழும். சற்றுப் பொறுத்துக் கையால் தொடங்கினால் எழும். கையால் தொடங்கினால் எழுகிறது, தானாக எழவில்லை என ஒருவர் கூறுவாராயின், ஒழுங்குப் பிழையையே முதலில் ஐயுறுக. கொள்கலன்களிலும் ஒன்று மற்றொன்றின் பின் தொடங்குக என எழுதினால், முன்னது தொடங்கியது என்பது மட்டுமே கவனிக்கப்படும். அது வேலைக்கு ஆயத்தமா என்பது கவனிக்கப்படாது. ஆயத்த நிலையைச் சோதிக்கும் கட்டளையைத் தனியே கொடுத்தல் வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் இஃது எமக்கு நன்கு புலப்பட்டது. திடீரென நின்ற தரவுத்தளம் மீண்டும் எழுங்கால், தன் பழைய குறிப்புகளைப் படித்துக் குறையை நிரப்பிய பின்னரே கதவைத் திறக்கும். மற்றைய நாட்களிற் சில நொடிகளில் முடியும் அவ்வேலை அந்நாளில் நீண்டது. பக்கச் சேவை அதுவரை பொறாது வீழ்ந்தது.

இவ்விடத்தில் உரிமைகளைப் பற்றியும், அவை காரணமாகச் செய்யப்படும் பெருந்தவற்றைப் பற்றியும் கூறாது விடல் ஆகாது. அறையினுள் உள்ள பயனரின் எண்ணும் வெளியே கோப்புறைக்கு உரியவரின் எண்ணும் ஒவ்வாதபோது, பெயர் ஒன்றாகவே இருந்தாலும் சேவைக்கு எழுத உரிமை கிட்டாது. கருனி பார்ப்பது எண்ணையேயன்றிப் பெயரையன்று. இனி, கோப்புரிமைகள் எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கப்படுமாயின், எஸ்.ஈ.-லினக்சு, ஆப்-ஆர்மர் என்னும் காவலர்களை நோக்குக. அவர்கள் வழக்கமான இடங்களை மட்டுமே அனுமதிப்பர். பைண்டை வேறொரு வேரின்கீழ்க் குடியேற்றினால் அவ்வேர் அவர்களின் பட்டியலில் இராது. அவர்களின் மறுப்பு சேவையின் பதிவேட்டிலன்றிக் கருனியின் பதிவேட்டில் இருக்கும். பட்டியலில் ஒரு வரி சேர்த்தாற் போதும். ஆனால் நடப்பது யாது? காவலரை முற்றாக நீக்குவோர் ஒருசாரார். எவரும் எழுதலாம் எனக் கோப்புறை முழுவதையும் திறந்துவிடுவோர் ஒருசாரார். கொள்கலனுக்கு எல்லாச் சிறப்புரிமையும் வழங்கிவிடுவோர் பிறிதொருசாரார். சேவை தொடங்கிவிடும், ஐயமில்லை. ஆயின் அறை என்பது பெயரளவில் நிற்கும். புள்ளிப் பதிவுகளைக் காக்கவெனக் கட்டிய சுவரைப் பாடப் பக்கத்தின் பொருட்டு இடித்தவராவோம். எல்லா உரிமையும் கொடுத்துப் பார்ப்பது காரணம் அறியும் சோதனையாக ஐந்து நிமிடத்துக்கு ஏற்கத்தக்கது, பரிகாரமாக ஏற்கத்தக்கதன்று. அச்சோதனையில் எழுந்தால் குறை உரிமையிலே உண்டென்று தெளிந்து, உரிமைகளை ஒவ்வொன்றாக மீளப் பறித்து, எதனைப் பறித்தபோது விழுகிறதோ அதனை மட்டும் கொடுத்தல் முறை. எஸ்-ட்ரேஸ் என்னும் கருவி, சேவை கருனியிடம் கேட்ட ஒவ்வொன்றையும் பெற்ற விடையையும் வரிவரியாகக் காட்டும். இறுதி மறுப்புக்குச் சற்று முன்னுள்ள வரிகளிற் காரணம் பெரும்பாலும் கிடக்கும்.

இதுகாறும் கணினியினுள் அமைந்த அறையைக் கூறினோம். எம்மைப் போன்றோரின் ஆய்வுகூடம் முழுவதுமே வெளியுலகினின்றும் துண்டிக்கப்பட்ட ஓர் அறையாதலின், அதே நெறி பேரளவிலும் பொருந்துகிறது. பக்கச் சேவைகளுள் என்ஜின்-எக்ஸ் என்பது, தன் அமைவுக் கோப்பில் எழுதிய பிற சேவையகப் பெயர்களின் முகவரியைத் தொடங்கும்போதே தேடும். ஒன்றன் முகவரி கிட்டாவிடினும் முழுச் சேவையும் தொடங்காது நிற்கும். அஞ்சற் சேவையாகிய சென்ட்மெயில், தன் சொந்தக் கணினியின் முழுப்பெயரை அறிய இயலாதபோது ஒரு நிமிடம் உறங்கி மீண்டும் முயலும். கணினியே எழவில்லை என்று எண்ணி மின்னை நிறுத்தியவர் உளர். பெயர்க் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீரும் குறை இது. கடிகாரமும் இத்தகையதே. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் செத்த பழைய கணினி, ஒவ்வொரு மின்வெட்டின் பின்னும் ஆண்டுகள் பல பின்னே சென்று எழுகிறது. 2023இல் ஐந்தாம் வகை வெளிவரும்வரை ராஸ்பரி-பை என்னும் சிறு கணினிகளில் நேரங்காக்கும் கடிகாரமே இருந்ததில்லை. நேரம் பிழைத்தாற் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகாதவை எனத் தோன்றும். நேரத்தைத் திருத்த வெளியேயுள்ள நேரச் சேவையகத்தை நாடவேண்டும். அதன் முகவரிக்குப் பெயர்ச் சேவை வேண்டும். கையொப்பம் சரிபார்க்கும் பெயர்ச் சேவையோ நேரம் சரியாக இருந்தாலன்றி விடையை ஏற்காது. கொள்கலனுட் சென்று நேரத்தைத் திருத்தவும் இயலாது. கடிகாரம் அறைகள் யாவற்றுக்கும் பொது.

நாடு முழுவதுமே தனியறையான நிகழ்ச்சியும் உண்டு. 2004 ஆகஸ்டில், கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தே கப்பலொன்றின் நங்கூரம் பட்டு, சீ-மீ-வீ 3 என்னும் கடலடிக் கம்பிவடம் அறுந்தபோது இலங்கையின் இணையத் தொடர்பு பெரிதும் தடைப்பட்டது. அத்தகைய வேளையில், உள்நாட்டிலேயே அடுத்தடுத்து இருக்கும் இரு கணினிகளுங்கூட, ஒன்றன் பெயரை அறிய வெளிநாட்டுச் சேவையகத்தை நாடுமாறு அமைந்திருப்பின் ஒன்றையொன்று காணா. அதே ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. மாவட்டங்களுள் உயிரிழப்பு மிக்கது எம் அம்பாறை. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கண்டதை ஈண்டு எழுத வேண்டியதில்லை. அவ்வழிவின் சில வாரங்களுள் இலங்கை மென்பொருள் வல்லுநர் தன்னார்வமாகக் கூடி ஆக்கியதே சஹானா என்னும் இடர்முகாமைத்துவ மென்பொருள். காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றின் பதிவேடுகளை அது கொண்டிருந்தது. 2005இன் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2010இன் ஹெய்ட்டி நிலநடுக்கம் முதலியவற்றிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று. பக்கச் சேவையும் தரவுத்தளமும் ஒரே மடிக்கணினியில் அமைய, வெளியிணைப்பு இன்றியே இயக்கத்தக்கதாக அஃது இருந்தமை கவனித்தற்குரியது. கம்பங்கள் சாய்ந்து கிடக்கும் ஊரில் ஒருவர் தம் பிள்ளையின் பெயரைத் தேடும்போது, தொடங்குவதற்கு வெளியூர்ப் பெயர்ச் சேவையகம் ஒன்றின் விடையை எதிர்நோக்கி நிற்கும் சேவையால் யாது பயன்?

அவ்வெண்ணத்தால், பரீட்சைக்கு இரு கிழமைகளுக்கு முன் யாம் ஒரு சோதனை செய்தோம். ஆய்வுகூடத்தில் எக்கருவிக்கும் வெளியிணைப்பு இல்லை என உறுதி செய்துகொண்டு, கணினியின் நேரத்தை வேண்டுமென்றே பின்னே தள்ளி, மின்னை அறுத்து, மீண்டும் கொடுத்து, எவரும் கைவையாது பார்த்திருந்தோம். ஐந்து சேவைகளுள் மூன்று தாமே எழுந்தன. எழாதவற்றுள் ஒன்று, யான் கைபேசியை இணைத்து நிறுவியபோது எழுதிவிட்ட வெளியூர்ச் சேவையகப் பெயர் ஒன்றைத் தேடி நின்றது; மற்றொன்று சான்றிதழின் தேதியைக் கண்டு மறுத்தது. பெயரை அகற்றினேன். தாய்ப்பலகைக்குரிய நாணய வடிவ மின்கலம் ஒன்றைக் கல்முனைக் கடையில் வாங்கி இட்டோம். மறுநாட் காலை வழக்கம் போல மின் போயிற்று. பிற்பகல் வந்தபோது ஐந்தும் எழுந்திருந்தன.